ஓரக் குறிப்பு

ஹாம்ட்ராமிக், 1954 பிப்ரவரி.
கார் ஆலையில் ஆள்குறைத்த வாரம்.
பூட்ஸ் பனியை மிதியடியில் தட்டிவிட்டு
வெர்னா ஹூக்ஸ்ட்ரா கேட்டிருக்கிறாள்:
"வீட்டுக்குப் பெரிய சாமான் வாங்க
இது நல்ல நேரமா, கெட்ட நேரமா?"

ஜாட்விகா பியன்டெக் சொன்னாளாம்:
"வாங்குகிறவளுக்கு நல்ல நேரம்தான்.
எங்கள் ஃபிரிட்ஜையே பாதி விலைக்குத் தருகிறேன்,
எடுத்துக்கொள்கிறாயா?"

'நல்ல நேரம்' கட்டத்தில் குறி.
மிச்சம் ஓரத்தில், பென்சில் கிறுக்கலாக.

ஆன் ஆர்பரில் அட்டை துளைப்பவள் நான்.
என் இயந்திரத்தில்
ஓரத்துக்குச் சாவி கிடையாது.
முப்பத்தொன்றாவது பத்தி, எண் ஒன்று.
டக்.
ஒரு வீட்டின் நம்பிக்கை
ஓட்டையாகத்தான் விழுகிறது.

அந்த முறை எண் அரைப் புள்ளி ஏறிற்று.
பேப்பரில்கூடப் போட்டார்கள்.

நான் வெர்னாவைத் தனியே கூப்பிட்டு
ஃபிரிட்ஜ் என்ன விலை என்று கேட்டேன்.