முப்பத்தொரு பேர், மூன்று நாள்

நாலரைக்கே மஞ்சு இறங்கி
பள்ளி மைதானத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது.
ஒன்பதாம் வகுப்பில் விளக்கைப் போட்டுக்கொண்டு
நாங்கள் சென்னையைக் குறைத்துக்கொண்டிருந்தோம்.

நான்கு நாள் என்று எழுதிக் கேட்டிருந்தேன்.
மூன்று என்று திருத்தி
பச்சை மையில் கையெழுத்தாகி வந்திருந்தது ஊட்டியிலிருந்து.
ஒரு நாளை எடுக்க வேண்டும்.
எதை?

கரும்பலகையில் எட்டு இடங்கள்.
கை தூக்கச் சொன்னேன்.
முதலில் விழுந்தது வண்டலூர்.
'டிக்கெட் வாங்கிப் போயி காட்டெருமை பார்க்கணுமா டீச்சர்?
நேத்து எங்க தண்ணித் தொட்டிகிட்டயே நின்னுச்சு'
என்றான் லோகித். ஒரே சிரிப்பு.
சிறுத்தைக்கும் அதே பதில்தான்,
அப்போது யாரும் சிரிக்கவில்லை.

அருங்காட்சியகம் இரண்டு ஓட்டில் போனது.
விமான நிலையம், வேலிக்கு வெளியே நின்று பார்ப்பது மட்டும்,
பிழைத்தது.
கடலை ஓட்டுக்கு விடவே இல்லை.

மெட்ரோவில் நின்றுபோனோம்.
'பூமிக்கு அடியிலயா போகும்?'
'கொஞ்ச தூரம்.'
'மண்ணு சரியாதா?'
நவம்பர் மழையில் பின்சுவர் போன வீடு ரெஜினாவுடையது.
தூண், காங்கிரீட், பொறியாளர்கள் என்று
தெரிந்ததையெல்லாம் சொன்னேன்.
'தடுப்புச் சுவரும் காங்கிரீட்தான் டீச்சர்'
என்றாள், மரியாதையாக.

நகரும் படிக்கட்டுக்கு ஒத்திகை நடந்தது.
தாவும் பாயை பி.டி. மாஸ்டர் தாழ்வாரத்தில் இழுத்துக்கொண்டு போக
ஒவ்வொருவராக வலது காலை வைத்து ஏறினார்கள்.
நாலு பேர் விழுந்தார்கள். ஐந்தாவதாக மாஸ்டர்.

ஆளுக்கு இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது.
ஜான்ஸ்டன் சதுக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்கையில்
சஞ்சீவின் அப்பா ஜோகி
தாளை வாங்கிப் பார்த்து உதட்டிலேயே வகுத்தார்.
கிலோ பதினெட்டு என்றால்
நூற்று ஐம்பத்தெட்டு கிலோ இலை.
'மீதிக் காசுக்கு அவனுக்கு ஒரு மிட்டாய், ஆறு ரூவா வரும்.'
நான் கணக்கு டீச்சர்.
வீட்டுக்கு வந்து பேனாவால் வகுத்தேன்.
ஆறு ரூபாய்தான்.

எலுமிச்சை இரண்டு டஜன், குஞ்சப்பனை வளைவுகளுக்கு.
பிளாஸ்டிக் பைக்கு மாவட்டத்தில் தடை;
செய்தித்தாள் எத்தனை வாந்தி தாங்கும்?
ஜன்னலோரத்துக்கு இதுவரை மூன்று தகராறு.
ஸ்வெட்டர் வேண்டாம்.
'ராத்திரிக்கு?'
ராத்திரிக்கும் வேண்டாம்.
நம்பவில்லை, பையின் அடியில் வைத்துத்தான் வருவார்கள்.
படுக்கை, சூளையில் ஒரு பள்ளிக் கூடம், ஆறு மின்விசிறி.
விசிறிக்குக் கீழே தூங்கியே இராதவர்கள் இருபது பேர்.
கழன்று விழுமா என்று ஒரு குரல் கேட்டது.
யாரென்று நிமிர்ந்து பார்க்கவில்லை,
எழுதிக்கொண்டிருந்தேன்.

இரவு, சம்மதக் கடிதங்கள்.
கடைசியாக வந்தது சுகிர்தாவுடையது.
அம்மாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் இரவு முறை.
மை காயுமுன் மடித்ததில்
ஒரு கைநாட்டு இரண்டாகியிருந்தது.
ரத்த வகை: தெரியாது.
ஒவ்வாமை: கத்தரிக்காய்.
அவசரத்தில் அழைக்க வேண்டிய எண்:
பத்து இலக்கம், குண்டு குண்டாக, அடித்தல் இல்லாமல்.
எங்கோ பார்த்த எண்.
என்னுடையது.

பைத்தியம்போல அழைத்துப் பார்த்தேன்.
வேறொரு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது.

நாளைக்குக் கூப்பிட்டு வேறு எண் கேட்கலாம்.
ஃபேக்டரி ஆபீஸில் ஒரு போன் இருந்தது,
இப்போதும் இருக்கிறதா தெரியவில்லை.
பட்டியலின் அடியில் குறித்துக்கொண்டேன்:
ஏறும்போதும் இறங்கும்போதும் தலைகளை எண்ண வேண்டும்.
முப்பத்தொன்று. மாஸ்டரோடும் என்னோடும் முப்பத்துமூன்று.
எலுமிச்சை மூன்று டஜன்.