டாக்டர் சொன்னதில் ஒன்று

டாக்டர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல
நான் தமிழில் சொல்லவேண்டும்.
அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.
என் வேலை, காது கிளினிக்கில் அட்டை எழுதுவது.

தவமலரின் மடியில்
நாலு மாதப் பிள்ளை மிதுஷன்.
கண்டியில் தூங்கவைத்து, தலையில் வயர் ஒட்டி
எடுத்துவந்த தாளில்
கோடுகள் மேடுமில்லை பள்ளமுமில்லை.
இந்த மலையில் பிறந்த எனக்கு
அப்படியொரு சமதரை கண்டு பழக்கமில்லை.

காதுக்கு மிஷின், என்றார். சொன்னேன்.
ஆறு மாதம் முடியுமுன் போடவேண்டும். சொன்னேன்.
அது போதாவிட்டால் ஆபரேஷன்,
அதன்பிறகும் வருஷக்கணக்கில் பயிற்சி. சொன்னேன்.
கொழும்பு என்றதும் சத்தியசீலன்
தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டார்.
வெளிச்சத்தில் நின்று, முகம் காட்டிப் பேசுங்கள்.
அதையும் சொன்னேன்.

பிறகு டாக்டர்
இரண்டு கைகளையும் மேசைக்குமேல் தூக்கி
ஒரு மொழியைப் பற்றிச் சொன்னார்.

அதற்கு என்னிடம் ஒரே சொல்தான் இருந்தது.
லயத்தில் கற்ற சொல்.
பீலியில் தண்ணீர் பிடிக்க வந்த ஒருவரைப் பார்த்து
பிள்ளைகள் நாங்கள் கத்திய சொல்,
அவருக்குக் கேட்காது என்பதால்
இன்னும் சத்தமாய்.
அதை இந்தப் பிள்ளைமேல் வைக்க
நாக்கு எழும்பவில்லை.

"அவ்வளவுதான்" என்றேன்.
நான் முழுவதும் சொல்லிவிட்டதாக நினைத்து
டாக்டர் தலையாட்டினார்.

அட்டன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கையில்
அது வயிற்றைப் பிசைந்தது.
ஒரு வழியை மறைத்துவிட்டு
சீக்கிரம் போங்கள் என்று
அனுப்பியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மேல் டிவிஷன் ஏறினேன்.
தகரத்தில் மழை.
மூன்று பேரும் கத்திக் கத்தித்தான் பேசினோம்.
பிள்ளை தூங்கினான்.

"அன்னைக்கு ஒன்னு விட்டுட்டேன்.
கையால பேசுற மொழி."

சத்தியசீலன் சிரித்தார்:
"ஸ்டோர்ல ரோலர் ஓடுனா நாங்களும் அப்படித்தானே."
இரண்டு விரலை மடித்தார், நிறுத்து.
உள்ளங்கையைக் கவிழ்த்தார், இன்னும் போடு.

"அது நாலு சைகைண்ணே.
இதுல சண்டை பிடிக்கலாம்.
பொய் சொல்லலாம்.
நேத்து கண்ட கனவைச் சொல்லலாம்."

"அப்ப மிஷின் வேணாமா?"
"அதுவும் போடலாம், இதுவும் படிக்கலாம்.
ஒன்ன தொடங்கிட்டுப் பொறகு மாத்தலாம்.
முடிவு உங்களோடது.
ஆனா நீங்களும் படிக்கணும்.
அவன் மட்டும் படிச்சா
வீட்டுல யாரோட பேசுவான்?"

இங்கே படிப்பிக்க ஆள் இருக்கா என்று கேட்டார்.
தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.
பேட்டரி விலையைத் தவமலர் கேட்டாள்.
சொன்னதும் விரல் மடக்கிப் பார்த்து
"அரைப்பேர்" என்றாள்.
கொஞ்சநேரம் ஏதும் கேட்கவில்லை.
அடுப்பில் ரொட்டி ஒரு பக்கம் கருகியிருந்தது.

"என்னைய அம்மான்னு கூப்புடுவானா?"

"கூப்புடுவான்.
வாயாலயா கையாலயா, எப்பன்னு
எனக்குச் சொல்லத் தெரியல."

டாக்டர் செய்துகாட்டியதில்
நினைவிலிருந்த ஒன்றைச் செய்துகாட்டினேன்.
பால்.
விரல்களை மூடித் திறக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.
அவளும் ஒரு தடவை செய்துபார்த்து
உடனே கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்,
யாரோ பார்த்துவிட்டதைப்போல.

"அப்படிப் பேசுற யாரையாச்சும் ஒங்களுக்குத் தெரியுமா?"

பீலிக்கு வந்தவரைச் சொன்னேன்.
நாங்கள் கத்தியதையும் சொன்னேன்.
அவர் கைகள் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கும்,
ஒருவரும் நின்று பார்த்ததில்லை
என்பதையும்.

தவமலர் பிள்ளையை மறுதோளுக்கு மாற்றினாள்.
"அவரு பேரென்ன?"

பதினேழு வருஷம்
அதே பீலியில் தண்ணீர் பிடித்தவள் நான்.

மழை எப்போது விட்டதோ.
"தெரியாது" என்றேன்.
கத்தாமலே கேட்டது.