கையிருப்பு: ஒன்று

லியபாயாவில் பிப்ரவரிக் காற்று
கடலிலிருந்து கிளம்பி நேராக என் கடைக்குள் நுழையும்.
நான் மூடிகள் விற்கிறேன். மூடிகள் மட்டும்.
தேநீர்க் கெண்டிக்கு, சர்க்கரைக் கிண்ணத்துக்கு,
வெண்ணெய்ச் சட்டிக்கு,
கைதவறிப் போன ஏதோ ஒன்றின் தலைக்கு.

சிரிக்காதீர்கள்.
உடைவது எப்போதும் மூடிதான்.
பானை அப்படியே உட்கார்ந்திருக்கும்
வாயைப் பிளந்துகொண்டு.

நாளைக்கு நான்கு பேர் வருவார்கள்,
அதில் இரண்டு பேர் காற்றுக்கு ஒதுங்கியவர்கள்.
இணையத்தில் போடு என்றான் குந்தர்ஸ்.
விவாகரத்துக்குப் பிறகும் என் கணினிக்கு
அவன்தான் வைத்தியன்.
வாரம் மூன்று நாள் வந்து போனான்.
எதிர்க்கடை ரொட்டிக்காரி அதைப் பற்றிப் பேசினாள்;
அந்த வாய்க்கு என்னிடம் அளவு இல்லை.

முதலில் பெயர்.
'வாட்சிஞி' என்று தட்டினேன்,
எங்கள் மொழியில் சின்ன மூடிகள்.
நெடிலின் தலைக்கோட்டை முகவரி ஏற்காதாம்,
குறிலாக்கிக்கொண்டது.
ஒரு மாத்திரை குறைந்து பிறந்தது கடை.

கடவுச்சொல் கேட்டான்.
நம் நாயின் பெயர்தான், இன்னும்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
பின்னால் ஓர் எண் சேர்க்கச் சொன்னான்.

பிறகு கட்டங்கள், கட்டங்கள்.
சிவப்பு நட்சத்திரம் இருந்தால் கட்டாயம்.
எடை: நூற்று நாற்பது கிராம்.
நிறம்: மழைக்குச் சற்று முந்தைய வானம்.
(சாம்பல் என்று திருத்தினான்.)
வாயின் அகலம்: பதினொன்றரை சென்டிமீட்டர்.
கையிருப்பு: ஒன்று.
அடுத்ததற்கும் ஒன்று.
அதற்கடுத்ததற்கும்.
இருநூற்றுப் பதினேழு முறை ஒன்று ஒன்று என்று அடித்ததும்
திரை பதறியது:
கையிருப்பு குறைவு! உடனே நிரப்பவும்!
இருநூற்றுப் பதினேழு முறை.

எந்தெந்த நாடுகளுக்கு அனுப்புவீர்கள்?
பட்டியலில் அண்டார்டிகாவும் இருந்தது.
அங்கேயும் தேநீர் குடிப்பார்கள்தானே.
டிக் செய்தேன்.

சோதனைக்காக குந்தர்ஸ் ஒரு மஞ்சள் மூடி வாங்கினான்,
அதே மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து.
என் போன் மணியடித்தது.
இருவரும் கத்தினோம், லாட்டரி விழுந்த மாதிரி.
கணக்கைத் திருப்பிவிட மறந்துபோனோம்.
பதினொரு நாள் அந்த மூடி
என் கண்ணெதிரே அலமாரியில் இருந்தபடியே
'விற்றுத் தீர்ந்தது'.

அதற்குப் பிறகுதான் அந்தக் கூடை.
இரவு இரண்டே முக்காலுக்கு, குல்டீகாவிலிருந்து யாரோ
சாம்பல் மூடியைக் கூடையில் போடுவார்கள்.
பணம் கட்டும் பக்கம் வரை வருவார்கள்.
போய்விடுவார்கள்.
மறுநாளும். ஆறு இரவுகள்.
'கைவிடப்பட்ட கூடை' என்றது அறிக்கை.
தானியங்கிக் கடிதம் அனுப்பட்டுமா என்று கேட்டது:
எதையோ மறந்துவிட்டீர்களே! இதோ பத்து சதவீதத் தள்ளுபடி!
வேண்டாம் என்று நானே எழுதினேன்:
அளவில் சந்தேகமா?

ஆர்வீட்ஸ் என்பவர் பதில் போட்டிருந்தார்.
அளவு சரி, அம்மணி.
இதே மூடி என்னிடம் இருக்கிறது. இதே சாம்பல், இதே விளிம்பு.
உடைந்தது பானைதான்.
இரண்டு மூடிகளை எதிரெதிரே கவிழ்த்தால்
ஒரு பெட்டி ஆகுமா என்று
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் அலமாரிக்குப் போனேன்.
விளிம்பை நூல் வைத்து அளந்தேன்.
திருப்பி அளந்தேன்.
பதினொன்று புள்ளி நான்கு. கட்டத்தில் தப்பாகப் போட்டிருக்கிறேன்.
உள்ளபடி எழுதினேன்:
ஒரு மில்லிமீட்டர் குறையும், ஆடும்.

அன்றிரவே பணம் கட்டிவிட்டார்.
செய்தித்தாள் சுற்றி, பெட்டிக்குள் வைத்து
தபால் தராசில் ஏற்றினால்
இருநூற்றுப் பத்து கிராம்.
அந்தக் கட்டமும் தப்பு. தபால்செலவில் எனக்கு நஷ்டம்.

பத்து நாள் கழித்து, கடையின் முதல் மதிப்புரை:
பொருந்தவில்லை. ஆடுகிறது. ஐந்து நட்சத்திரம்.

முதல் வார்த்தையை நீக்கிவிடலாம் என்றான் குந்தர்ஸ்.
இருக்கட்டும் என்றேன்.
மஞ்சள் மூடியை அவனிடமே கொடுத்துவிட்டேன்,
வாங்கியவன் அவன்தானே.
அதற்கேற்ற கெண்டி அவனிடம் இல்லை.

அண்டார்டிகாவிலிருந்து
இன்னும் ஒன்றும் வரவில்லை.