மழை விடுமுறை

ஐந்தே முக்காலுக்கு
டிவியின் அடியில் ஓடும் எழுத்தில்
திருவாரூர் வந்ததும்
எதிர்வீட்டு மாடியில் ஒரு விசில்.
பிறகு தெரு முழுக்க.
அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் எழுந்தோம்,
விடுமுறை விடப்படாத ஒரே வீடு.

மூன்று நாளாகப் பெய்கிறது.
கோரையாறு கடைசிப் படியையும் விழுங்கிவிட்டதாகப்
பால்காரர் சொல்லிவிட்டுப் போனார்.
இவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு
சங்கத்துக் கணக்கு நோட்டுகளை
மேல் அலமாரிக்கு ஏற்றப் போயிருக்கிறார்.
கூட்டுறவு சங்கத்துக்கு லீவு கிடையாது.
எங்களுக்கும்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாததற்கு
என்னிடம் பதினொரு காரணங்கள் உண்டு.
நாத்தனாருக்கு ஒன்று, ரேஷன் கடையில் ஒன்று,
என் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுக்
கேள்வி கேட்ட பல் டாக்டருக்கு ஒன்று.
பன்னிரண்டாவதை யாரிடமும் சொன்னதில்லை.
நான் வேலை பார்த்த பள்ளி, மூன்றாம் வகுப்பு, பி பிரிவு.
முட்டி போட்ட ஒரு பையனின் காலுக்கடியில்
மணல் தூவச் சொன்னார்கள்.
தூவினேன்.

துருவனுக்கு எட்டு வயது. வாசிக்க வராது.
மோட்டார் சத்தத்தை வைத்தே
எத்தனை குதிரைத்திறன் என்பான்.
நீடாமங்கலம் கேட் சாத்திக் கிடக்கையில்
கூட்ஸ் பெட்டிகளை எண்ணி
நெல் மூட்டைக் கணக்குச் சொல்வான்.
எழுத்தைக் கண்டால் மட்டும்
வெயிலைப் பார்த்தவன்போலக் கண்ணைச் சுருக்குவான்.
தானாக வரும் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.
ராத்திரியில் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து
ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கிறேன்.
அவனிடம் காட்டியதில்லை.
தூக்கிப் போடவும் இல்லை.

இன்று பல் தேய்த்தபடி டிவிமுன் நின்றான்.
எழுத்து வலமிருந்து இடம் ஓடியது,
கூடவே அவன் தலையும்.
"வி" என்றான். போய்விட்டது.
அடுத்த சுற்று.
நாகை, மயிலாடுதுறை, தஞ்சை.
"விடு."
நுரை சட்டையில் வடிந்தது.
நான் திரும்பவில்லை.
திரும்பினால் நின்றுவிடும்.
"விடு... மு... றை."
தோசை கருகியது.
"விடுமுறைன்னு போட்டிருக்காம்மா.
நமக்கா?"

இந்த நிமிஷத்துக்காக இரண்டு வருஷமாய்
என்னென்னவோ சேர்த்துவைத்திருந்தேன்.
வாயில் வந்தது,
"நமக்குத்தான் தினமும் லீவாச்சேடா."

போர்வைக்குள்ளிருந்து மகிழினி சொன்னாள்:
"தினமும் லீவுன்னா
லீவே இல்லன்னுதாம்மா அர்த்தம்."

பதினொன்றில் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை.

"சரி, இன்னிக்கு நான் விடுறேன்."
"நீ விட்டா செல்லாது. கலெக்டர் விடணும்.
எல்லாருக்கும் ஒண்ணா விடணும்.
அப்பத்தான் விசில் வரும்."

மத்தியானம் கொஞ்சம் வெறித்தது.
எதிர்வீட்டுப் பிள்ளைகள் தெருத்தண்ணீரில்
பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துப் படகு விட்டார்கள்.
துருவனும் இறங்கிவிட்டான்.
ஆட்டோ முதுகில், உரச்சாக்கில், சுவரில்
எழுத்து கண்ட இடமெல்லாம்
விடுமுறை விடுமுறை என்று வாசித்துக்கொண்டு.
மகிழினி ஜன்னலோரம் உட்கார்ந்து
எதையோ எழுதி, கிழித்து, எழுதினாள்.

இருட்டியபின் இவர் வந்தார், முட்டிவரை சேறு.
"சம்பா மூழ்கிடுச்சு.
இன்னும் நாலு நாள் நின்னா அவ்வளவுதான்."
"துருவன் வாசிச்சான்" என்றேன்.
எதற்கு எந்த முகம் காட்டுவது என்று
இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

கடிதம் உப்பு ஜாடிக்கு அடியில் இருந்தது.

*அனுப்புநர்: மகிழினி, கூடத்து ஜன்னல்.*
*பெருநர்: அம்மா, சமையலறை.*
*வரும் ஜூன் முதல் ஏப்ரல் வரை*
*பள்ளிக்குச் செல்ல எனக்கு*
*விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.*
*மழை நாட்களில் வீட்டில் இருப்பேன்.*

கையெழுத்துக்கு இடம் விட்டு
ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்திருக்கிறாள்.
பெறுநருக்குச் சின்ன ரு.
கை பழக்கத்தில் சிவப்பு மையைத் தேடியது.
இந்த வீட்டில் நீலம்தான் இருக்கிறது.

மூடியைக் கழற்றி வைத்திருக்கிறேன்.
வெளியே மறுபடி பிடித்துக்கொண்டது.
துருவன் டிவி முன்னால் சம்மணமிட்டு
அடுத்த சுற்றில் நம் ஊர் வருமா என்று
எழுத்துக்குக் காத்திருக்கிறான்.