புகார் எண்

புகாருக்கு அழைக்க வேண்டிய எண்
என்னுடையதுதான்.
கூட்டுறவுக் கடைப் பலகையில்
சிவப்பு மையில் எழுதியதும் நானே.

இரவு இரண்டே காலுக்குக்
கடைசி லயத்து இருசம்மா அழைக்கிறாள்.
"தண்ணி வரல."
பிறகு கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
திட்டுவதற்கு வாய் திறந்தவள்
யாரைத் திட்டுவதென்று
இருட்டில் தேடுகிறாள்.

முன்பெல்லாம் சுலபம்.
கிராணி இருந்தார், மேனேஜர் இருந்தார்,
கோலாலம்பூரில் கண்ணாடிக் கட்டடம் இருந்தது.
தோட்டம் கைமாறிய வருஷம்
பம்ப்பைக் கழற்றி லோரியில் ஏற்றினார்கள்.
கம்பத்தை விட்டுப்போனார்கள், மின்சாரம் இல்லாமல்.
சாலையை விட்டுப்போனார்கள்,
செம்பனைக் குலைகள் ஏறி இறங்கித்
தின்றது போக மிச்சத்தை.

புக்கிட் தெம்பாகா பட்டணத்தில் மூன்று அலுவலகம்.
தண்ணீர்க்காரர் சொன்னார்: முதலில் சாலை வரட்டும்.
சாலைக்காரர் சொன்னார்: குழாய் போட்டால்தான் தார்.
மின்சாரத்தார் நிலப்பட்டா கேட்டார்கள்.
மனுவின் ஓரம்
மடிந்து மடிந்து துணிபோல் ஆனது.

சுங்கைப் பட்டாணி ஃபேக்டரியில்
பன்னிரண்டு வருஷம் சர்க்யூட் பலகை பார்த்த
கோமளவல்லிதான் சொன்னாள்,
பழைய புகைக்கூடத்துக் கூரையை அண்ணாந்து பார்த்தபடி:
"வெயில் மேல இருக்கு. குழி ஒண்ணு போதும்.
அடியில குழாய், ஒரு முழம் விட்டு மின்கம்பி,
ஓரமா இன்டர்நெட்டு.
ஒரு தடவதான் முதுக வளைக்கணும்."

அறுபத்தேழு வீடு. பங்கு நூறு ரிங்கிட்.
பணமில்லையென்றால் பத்தடி, மூன்றடி ஆழம்.
வெட்டிச் சாய்த்த பால்மரங்களின் வேர்
மண்ணுக்குள் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருந்தது;
ஒரு வேருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

குலை வெட்டும் நஸ்ருல் நாற்பதடி தோண்டினான்.
அந்நிய நாட்டவருக்குப் பங்கு கிடையாதென்றது சட்டம்.
நீர் கிடைக்குமா என்று கூட்டம் இரவு வரை கத்தியது.
சிவப்பு அடையாள அட்டையோடு
செத்துப்போன தன் அப்பாவைப் பற்றிக்
குஞ்சம்மாள் ஒரு வரி சொன்னாள்.
அதற்குமேல் யாரும் பேசவில்லை.
பதிவேட்டில் நாற்பதடி என்று எழுதி
பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டேன்.
தணிக்கைக்காரர் விரல் வைத்துக் கேட்டார், "இது யார்?"
"குழி" என்றேன்.

இப்போது டார்ச்சோடு நடக்கிறேன்.
மழை விட்ட மண்ணில் தவளைச் சத்தம்.
எதிரே மண்வெட்டியைத் தோளில் போட்டு
இருசம்மா வருகிறாள், கைலியைத் தூக்கிச் செருகி.
திருப்பத்தில், லோரி வளையும் இடத்தில்,
தரை கொப்பளிக்கிறது.

தோண்டுமுன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும்.
நிறுத்தினேன்.
அறுபத்தேழு வீடும் ஒரே மூச்சில் அணைந்தது.
சட்டைப்பையில் தொலைபேசி:
கரண்டு போச்சு.
மீண்டும்: மின்விசிறி நின்னு பிள்ளை அழுவுது.
மீண்டும்: பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்தேன் சார், இன்டர்நெட்டு இல்ல.
ஒரே குழி.
கொடுப்பதும் சேர்ந்து, போவதும் சேர்ந்து.

இருசம்மா வெட்டினாள்.
ஒரு வெட்டு, இரண்டு வெட்டு,
மூன்றாவதில் குழாய் தட்டியது.
அவள் நிமிர்ந்தாள்.
மண்வெட்டிக் காம்பைப் பள்ளத்தில் நிறுத்தி
கையால் அளந்தாள்.

ஒன்றரை அடி.

"இது யாரோட பத்தடி?"

பதிவேடு என் வீட்டு அலமாரியில் இருக்கிறது.
அதில் மூன்றடி என்று எழுதியிருக்கிறது,
நல்ல கையெழுத்தில்.
அந்த மாதம் முதுகுவலி. அந்த மாதம் வேலை அதிகம்.
அந்த மாதம் எழுதுகிறவன் நான்.

சொன்னேன்.

தவளைகூட ஒரு கணம் நின்றதுபோல் இருந்தது.
பிறகு தொடங்கினாள்:
என் படிப்பை, என் பேனாவை,
சிவப்பு மையில் எழுதிய பலகையை,
என் குலத்தில் எட்டிய வரை எல்லாரையும்.
மூச்சு வாங்காமல், மண்வெட்டியை நிறுத்தாமல்,
ஒவ்வொரு வசவுக்கும் ஒரு கூடை மண்.

நானும் இறங்கினேன்.
விடியும்போது
மூன்றடிக்கு இன்னும் ஒரு சாண் பாக்கி.
அவள் இன்னும் முடிக்கவில்லை.