நம்

மோல்மேனில் மழை ஐந்து மாதம்.
கோயில் அலுவலகத்தில் ஆடுகிற பீரோ ஒன்றுக்கு
நான் பிறக்கும் முன்பிருந்தே
முட்டுக்கொடுத்துக் கிடந்தது
ஒரு மரவாடிக் கணக்குப் புத்தகம்.
பீரோவை விற்ற அன்று அது என்னிடம் வந்தது.
நான் மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவன்.
தமிழ், ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒட்டியது மட்டும்.

இடப்பக்கம் ஆற்றில் மிதந்து வந்த கட்டைகள்.
வலப்பக்கம் ஸ்வரங்கள்.
எழுதியவர் கச்சபேசன், கட்டை எண்ணும் கிளார்க்.
சம்பளம் முப்பத்திரண்டு ரூபாய்.
அதில் நான்கு ரூபாய் மாதாமாதம் மிருதங்கத் தோலுக்கு.
மிருதங்கம் அவருடையது அல்ல,
சவரிராயனுடையது.
பகலெல்லாம் வாள்பட்டறையில் தேக்கு அறுத்துவிட்டு
ராத்திரி மரத்தூள் கங்கில் தோலைக் காய்ச்சி
வாசிக்க உட்காருகிறவன்.

ஆடி மாதம், ஒரு வியாழன்.
அந்தப் பக்கத்தை நூறு தடவை திறந்திருப்பேன்.
"தேக்கு 41. பிங்கடோ 9.
சவரி, விரல் 1."
அடியில் கூட்டல் கோடு போட்டிருக்கிறது.
கூட்டவில்லை.

வலது கை மோதிர விரல்.
தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்,
எனக்கும் வீடியோ பார்த்துத்தான் தெரியும்:
அது அடிக்கிற விரல் அல்ல,
தொட்டுக்கொண்டிருக்கிற விரல்.
கரணையின் ஓரத்தில் அது லேசாகப் பட்டிருக்க
ஆள்காட்டி விரல் விளிம்பில் விழுந்தால்தான்
'நம்' பிறக்கும்.
நடுவிரலை வளைத்து வைத்துப் பார்த்திருக்கிறான்.
கச்சபேசன் குறித்திருக்கிறார்:
"டப். டப். தகர டப்பா.
எழுந்து போய்விட்டான்."

பங்குனி உத்திரத்துக்கென்று பாதி கட்டிய தில்லானா,
பரசு ராகம், கண்ட சாபு.
அடுத்த பக்கங்களில் ஒவ்வொரு 'நம்'மையும் அடித்து
'தா' போட்டிருக்கிறார்.
அதையும் அடித்து 'தி'.
கீழே வேறொரு கையெழுத்து,
பென்சிலை முஷ்டிக்குள் பிடித்து எழுதியதுபோல:
"பிச்சை போடாதே.
இருந்த இடத்தை அப்படியே விடு.
நான் பார்த்துக்கறேன்."

மூன்று வாரம் வலப்பக்கம் வெறும் தாள்.
கட்டைகள் மட்டும் வந்துகொண்டே இருக்கின்றன.

பிறகு ஒரே ராத்திரியில் முழுத் தில்லானாவும்.
ஜதி வருகிற இடத்தில்
நான்கு சொல், ஐந்தாவது ஒரு புள்ளி,
நான்கு சொல், ஒரு புள்ளி,
மை காயும் முன் பக்கம் திருப்பியதில்
சில புள்ளிகள் இரண்டாகி இருக்கின்றன.
உத்திரத்து இரவைப் பற்றி இரண்டே வரி:
"புள்ளி வந்ததும் சவரி கையைத் தூக்கினான்.
சனம் தொடையில் தட்டியது."

அப்புறம் யுத்தம்.
"கட்டை வரவில்லை."
"கட்டை வரவில்லை."
"கட்டை."

யார் வாயில் ஏறிப் போனதோ, தில்லானா கடல் தாண்டிவிட்டது.
போன வருஷம் கைபேசியில் கேட்டேன்,
மின்சாரம் போன கடைக்குள், மழைச் சத்தத்துக்கு மேலே.
சென்னை மேடை. ஜரிகைத் துண்டு.
பாடுமுன் வித்வான் விளக்கம் சொன்னார்:
மூலப் பிரதியில் சில எழுத்துகள் உதிர்ந்திருந்தனவாம்,
பதிப்பித்தவர்கள் கண்டுபிடித்துச் சரிசெய்தார்களாம்.
புள்ளி இருந்த இடமெல்லாம் 'நம்'.
சுத்தமாக, வெண்கல மணி மாதிரி,
ஐந்து விரலோடு.
நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அவருக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன்.
பாதி பர்மிய எழுத்தில் வந்தது. கிழித்துவிட்டேன்.

கடைப் பையன் மோன்காரன். தமிழ் தெரியாது.
ஸ்பானரை எடுத்துச் சக்கர ரிம்மில்
நான்கு தட்டினேன்.
நிறுத்தினேன்.
மறுபடி நான்கு.
நிறுத்தினேன்.
மூன்றாவது தடவை,
துடைத்துக்கொண்டிருந்த பிளக்கிலிருந்து தலை தூக்காமலே
பெட்ரோல் டாங்கில் அவன்
ஒன்று தட்டினான்.