பட்டாளத்துக் காப்பி

முப்பத்தாறு சாக்கு.
மாட்டு முதுகில் மலை இறங்கி
சூரமங்கலத்தில் ரயிலேறி
மதராஸ் துறைமுகத்தில் நாற்பது நாள் கிடந்து
கப்பல் பார்க்காமலே
திரும்பி வந்து நிற்கின்றன முற்றத்தில்.

ஒவ்வொன்றின் வயிற்றிலும்
நான் தார் தொட்டு எழுதிய பெயர்:
ஆக்லாந்து.
எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு
பெல்லமி துரை ஒரு ஆரஞ்சைக் கையிலெடுத்து
காம்பில் ஏற்காடு என்றார்
அடியில் அந்த ஊர் என்றார்.
தலைகீழாய் நிற்பவன்
எப்படிக் காப்பி குடிப்பான் என்று
பழம் பொறுக்கும் வெள்ளச்சி
அன்றெல்லாம் சிரித்தாள்.

சாக்குக்கு முன்னால் கடிதம் வந்தது.
மஞ்சுக்குள் தபால் ஓட்டக்காரனின் சலங்கை
ஆளுக்கு முன்னால் வருவதுபோல.

பட்டாளத்தைத் திருப்பி அழைக்கிறார்களாம்.
சண்டை முடியவில்லை.
புதர்க்காட்டில் இன்னும் புகை.
ஆனாலும் சிப்பாய்த் தலைக்கு
வருஷம் நாற்பது பவுன் யார் கொடுப்பது என்று
லண்டனில் ஒருவன் கூட்டிப் பார்த்திருக்கிறான்.
கணக்குப்பிள்ளை சவரிமுத்து நான்.
அந்த ஒருவனை எனக்குத் தெரியும்.
அவன் விரலிலும் மை இருக்கும்.

துரை நாற்காலியை உதைத்தார்.
அவர் தம்பிக்கு அங்கே
நானூறு ஏக்கர்.
பெற்றவளே பிள்ளையை
நடுக்காட்டில் விட்டுப் போகிறாள் என்று
தம்பி எழுதியிருந்த வரியை
மூன்று தடவை வாசித்தார், எனக்கல்ல,
நாய்க்கு.
பிறகு துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டார்.
கீழே வெயிலில் சேலம் தெரிந்தது.
கோட்டையில் பட்டாளம் கிளம்பிப் போய்
வருஷம் பத்து ஆகப்போகிறது,
கவாத்து மைதானத்தில் ஆடு மேய்கிறது,
அதை இன்றைக்குத்தான் பார்த்தவர்போல
வெகுநேரம் பார்த்தார்.

சாக்கு இறக்கிய சடையன் கேட்டான்:
அங்கே யாரோடு சாமி சண்டை?

மாவோரி. அந்த மண்ணு ஆளுங்க.

எதுக்கு?

நெலத்துக்கு.

தோளில் இருந்ததை
மெதுவாக இறக்கினான்.
அதில் காப்பி அல்லாமல்
தூங்கும் பிள்ளை இருப்பதுபோல.
அப்போ பட்டாளம் போயிட்டா
நெலம் திரும்பி வந்துருமா?

கடிதத்தில் அதுவும் இருந்தது,
இரண்டாம் பக்கம், ஓரத்தில்.
நிலம் அளந்தாயிற்று. கல் நட்டாயிற்று.
பத்திரம் பெட்டிக்குள்.
சிப்பாய்தான் கப்பலேறுகிறான்,
கல் ஏறாது.

நான் சொல்லவில்லை.
தொண்டையில் ஏதோ என்று இருமினேன்.
சடையன் என்னைப் பார்க்கவில்லை.
ஏழாம் நம்பர் துண்டைப் பார்த்தான்.
அவன் அப்பன் சாமை விதைத்த சரிவு.
இப்போது காப்பி,
வரிசை வரிசையாக,
கவாத்து நிற்கும் சிப்பாய்கள்போல.

இந்த மலைக்குப் பட்டாளம் வந்ததேயில்லை.
ஒரு வேட்டுச் சத்தம்கூட இல்லை.
ஒரு சங்கிலி வந்தது.
மூன்று காலில் நிற்கும் ஒரு கண்ணாடி வந்தது.
பின்னாலேயே மைக்கூட்டைத் தூக்கிக்கொண்டு
நான் வந்தேன்.
தரிசு, பாத்தியதை இல்லை
என்று எழுதியது இந்தக் கை.
அன்று சாமை
முழங்கால் உயரம் நின்றது.

நேற்று செவ்வாய்ப்பேட்டை வியாபாரி
பாதி விலைக்குக் கேட்டான்.
பெயரை அழித்துக் கொடு என்றான்.
கத்தியால் சுரண்டினேன், மண்ணெண்ணெய் தேய்த்தேன்.
நூல் பிய்ந்தது,
தார் போகவில்லை.

சாயங்காலம் மழை.
காலிச் சாக்கு ஒன்றைக்
கொங்காணி மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு
சடையன் புறப்பட்டான்.
கேட்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.
முதுகில் ஆக்லாந்து நனைய
ஏழாம் நம்பருக்குள் இறங்கினான்,
சர்வே கல்லைச் சுற்றிப் போகாமல்
அதன்மேல் கால் வைத்து ஏறி
அந்தப் பக்கம் குதித்தான்.

விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு
பேரேட்டில் எழுதினேன்:
சாக்கு ஒன்று குறைவு.
காரணம்,
மழை.